ஒரு நாள்... மூணு நிலம்... எட்டு கிலோமீட்டர்!

செமஸ்டர் லீவு விட்டாச்சுன்னா கேங்ல யாராவது ஒருத்தர் 'மச்சி, ட்ரெக்கிங் போலாமா?'ன்னு ஆரம்பிப்பாங்க. வெள்ளியங்கிரி, பர்வதமலை, கொல்லிமலைன்னு லிஸ்ட் ஓடும். 'ஐயோ, நம்மால படி ஏற முடியாதுப்பா'ன்னு ரெண்டு பேர் கழன்டுக்குவாங்க. 'வீட்ல விட மாட்டாங்க'ன்னு இன்னும் ரெண்டு பேர். கடைசியில் எல்லாரும் சேர்ந்து போறது... வழக்கம்போல தியேட்டருக்கு!

மலை ஏறினால்தான் ட்ரெக்கிங்னு யாருங்க சொன்னது? மூச்சு வாங்காம, முட்டி வலிக்காம, சமதரையில் நடந்தே காடு, சதுப்பு நிலம், புல்வெளி மூணையும் ஒரே நாளில் பார்த்துட்டு வர்ற மாதிரி ஒரு இடம் நம்ம டெல்டாவிலேயே இருக்கு. யானை, சிறுத்தை பயமும் கிடையாது. கோடியக்கரை!

'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்கு அறிமுகமே தேவையில்லை. பூங்குழலி படகு ஓட்டின ஊர். வந்தியத்தேவன் அவளைத் துரத்திக்கிட்டு ஓடி, சேற்றுப் பள்ளத்துல இறங்கி, அவள் கையாலேயே மீட்கப்பட்ட ஊர். அந்த சீனை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

மேப்பை எடுத்துப் பாருங்க. சென்னையிலிருந்து நேரா தெற்கே இறங்கிவர்ற கடற்கரை, நாகப்பட்டினம் மாவட்டத்தோட தென்கோடியில் திடீர்னு 'ரைட் டர்ன்' அடிச்சு மேற்கே திரும்பும். அந்த மூக்குதான் கோடியக்கரை. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் பாக் நீரிணை. வேதாரண்யத்திலிருந்து சுமார் 10 கி.மீ. வெளிமான்களைக் காப்பாத்தணும்னு 1967-ல் சரணாலயம் ஆக்கினாங்க. 2002-ல் ராம்சார் பட்டியலில் இடம் கிடைச்சுது. அதாவது, உலக அளவில் முக்கியமான ஈரநிலம்னு அங்கீகாரம். 2022-ல் பள்ளிக்கரணை, பிச்சாவரம், கரிக்கிலி சேர்ற வரைக்கும், 20 வருஷம் தமிழ்நாட்டுக்கு இருந்த ஒரே ராம்சார் தலம் இதுதான்.

ஹீரோ யார்னா... உயரம்!

இவ்வளவு சின்ன இடத்துல எப்படி மூணு விதமான நிலம்? விஷயம் ரொம்ப சிம்பிள். ரெண்டு, மூணு அடி உயர வித்தியாசம்தான்!

பழைய மணல்மேடுகள் கொஞ்சம் உசரமா இருக்கும். மழைத்தண்ணி வடிஞ்சுடும், உப்பு ஏறாது. அங்கே மரம் நிக்கும். அதான் காடு. பேரு 'உலர் பசுமைமாறாக் காடு'. வறண்ட இடமா இருந்தாலும் வருஷம் பூரா இலை உதிர்க்காத காடு. பாலை மரம்தான் இங்கே மெஜாரிட்டி. மரம்னதும் டாப் ஸ்லிப் ரேஞ்சுக்கு வானம் முட்டும்னு கற்பனை பண்ணாதீங்க. கடற்காத்துல அடி வாங்கி வாங்கி, கட்டையா, நெருக்கமா இருக்கும். கூடவே மூலிகைச் செடிகள் ஏகத்துக்கும் உண்டு.

அதுக்குக் கொஞ்சம் கீழே, மழைக்கு நனைஞ்சு வெயிலுக்குக் காயற தரையில் புல்வெளி. அதுக்கும் கீழே, உப்புத்தண்ணி ஏறி இறங்குற தட்டையான சேறு. அதான் சதுப்பு. அது அப்படியே மேற்கே நீண்டு முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் போகுது.

சரணாலயத்தோட உச்சிச் சிகரம் எதுன்னு கேட்டா சிரிப்பீங்க. ராமர் பாதம்னு ஒரு மேடு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர்! உங்க ஹாஸ்டல் மொட்டைமாடி அதைவிட உசரம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்கறேன்னா, பிளான் பண்றதுக்கு இதுதான் அஸ்திவாரம். உசரமான இடத்துல நிழல் இருக்கு. தாழ்வான இடத்துல நிழல் சுத்தமா இல்லை. மத்ததெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

8 கி.மீ. நடக்க எவ்வளவு நேரம்?

'இது என்னங்க கேள்வி? ரெண்டு மணி நேரம்!' - இப்படித்தான் முக்கால்வாசிப் பேர் சொல்வாங்க. நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர், 1892-லேயே மலை நடைக்கு ஒரு ஃபார்முலா போட்டார். சமதரையில் மணிக்கு 5 கி.மீ. மேல ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலா ஒரு மணி நேரம். நமக்கு ஏற்றமே கிடையாது. அப்போ எட்டு பை அஞ்சு... ஒண்ணு புள்ளி ஆறு மணி நேரம். ஜுஜுபி!

ஆனா, அந்த ஃபார்முலாவில் மணல் கிடையாது, 'மச்சி அங்க பார்றா'ன்னு நிக்கிறதும் கிடையாது. மணலில் ஒவ்வொரு அடிக்கும் கால் பின்னாடி வழுக்கும். மான் தெரிஞ்சா பதினைஞ்சு நிமிஷம் அசையாம நிக்கணும். பறவை பார்க்கிற கூட்டம் மணிக்கு ரெண்டு கிலோமீட்டர் நகர்ந்தாலே பெரிய விஷயம். ஆக, நடக்க நாலு மணி, சாப்பிட, உட்கார, சண்டை போட ஒரு மணி... மொத்தம் அஞ்சு மணி நேரம்.

அஞ்சு மணி நேரம்னு ஆனதும் தண்ணிக் கணக்கும் மாறுது பாருங்க. கடலோரப் புழுக்கத்துல மணிக்குக் குறைஞ்சது அரை லிட்டர் தேவை. ரெண்டரை லிட்டர் ஆச்சா? ரிசர்வ் அரை லிட்டர். தலைக்கு மூணு லிட்டர், அதாவது முதுகுல மூணு கிலோ. உள்ளே குழாயோ கடையோ இருக்கும்னு நம்பி இறங்காதீங்க. சுத்தியும் தண்ணிதான், ஆனா எல்லாம் உப்பு! மூணு லிட்டரில் ஒரு லிட்டரை மட்டும், அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை தலைதட்டிப் போட்டுக் கலந்து வெச்சுக்குங்க. கடையில் விக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்கு வீட்டுத் தம்பி இது.

சில தோழிகள், 'உள்ளே பாத்ரூம் இருக்காது, அதனால தண்ணியே குடிக்க மாட்டேன்'ன்னு முடிவெடுப்பாங்க. வெயிலில் மயங்கி விழறதுக்கு இதைவிட ஷார்ட் கட் கிடையாது. ஊருக்குள்ளேயே முடிச்சுட்டுக் கிளம்புறது, நடுவுல எங்கே வசதி இருக்குன்னு வன ஊழியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கிறது... இதையெல்லாம் வெட்கப்படாம பிளானில் எழுதணும். பசங்க கேங் லீடரா இருந்தா, நீங்களே இதைக் கேட்டு எழுதுங்க பாஸ்!

தலைகீழாப் போடுங்க

வேதாரண்யத்திலிருந்து வர்ற வழியில் முதல்ல எதிர்ப்படுறது காடு. அதனால நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா, காலையில் ஜிலுஜிலுன்னு இருக்கும்போது காட்டுக்குள்ளே சுத்திட்டு, பதினோரு மணிக்கு மேல 'அடுத்து மான் பார்க்கலாம்'னு புல்வெளிக்குப் போறாங்க. மண்டை பிளக்கும். மானும் அந்த நேரத்துல மேயறதை விட்டுட்டு எங்கேயாவது ஒதுங்கியிருக்கும். 'சும்மா பில்டப்புப்பா, ஒண்ணுமே இல்ல'ன்னு திரும்பிடுவாங்க.

அதனால, வெட்டவெளியை முதல்ல முடிங்க, நிழலை மதியத்துக்கு மிச்சம் வைங்க. ஜனவரியில் சூரியன் ஆறரை வாக்கில் எட்டிப் பார்க்கும். கேட் திறக்கிற நேரத்துக்கே அங்கே நிக்கணும். ஒன்பது, ஒன்பதரை வரைக்கும் புல்வெளியும் சதுப்பு ஓரமும். அப்புறம் காட்டோரமா உட்கார்ந்து கட்டுச்சோறு. பிறகு நிதானமா காடு, ராமர் பாதம். உச்சி வெயிலுக்குள்ளே நடையை முடிச்சாச்சு. சாயங்காலம் கடற்கரை.

எந்த மாசம்? வலசைப் பறவைகள் அக்டோபரில் வர ஆரம்பிக்கும். ஆனா அக்டோபர், நவம்பர், டிசம்பர் நமக்கு மழைக்காலம். புயலும் வரும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி 'கஜா' கரையைக் கடந்தது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுலதான். ஏராளமான மரங்கள் சாய்ஞ்சுது, மான்களும் செத்துப்போச்சு. என் சாய்ஸ், ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி. மழை ஓய்ஞ்சிருக்கும், தரை கொஞ்சம் இறுகியிருக்கும், பறவையும் ஊரைக் காலி பண்ணியிருக்காது. தை அமாவாசையை மட்டும் தவிர்த்துடுங்க. இந்தக் கடலை 'ஆதி சேது'ன்னு சொல்லி, முன்னோர்களுக்குத் திதி கொடுக்கப் பெரிய கூட்டம் வரும்.

பெர்மிஷன் இல்லேன்னா ட்ரிப் இல்லை!

இந்த இடத்துல மட்டும் கொஞ்சம் சீரியஸ். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவங்க இறந்துபோனாங்க. நம்மைவிட நாலஞ்சு வயசு மூத்தவங்கதான் பலரும். காய்ஞ்ச புல்லும் காத்தும் சேர்ந்தா தீ மனுஷனைவிட வேகமா ஓடும்னு அன்னிக்குத் தமிழ்நாடே பார்த்துச்சு. அனுமதி இல்லாத பாதையில் போனால், உள்ளே எத்தனை பேர், எந்தப் பக்கம் இருக்காங்கன்னு வெளியே யாருக்கும் தெரியாது. தேட வர்றவங்க எங்கேன்னு தேடுவாங்க? அதுக்கப்புறம்தான் ட்ரெக்கிங்குக்குத் தனி விதிமுறைகளே வந்துச்சு.

கோடியக்கரை மலை இல்லை. ஆனா சரணாலயம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி அனுமதி வாங்கித்தான் உள்ளே போகணும். தீ மூட்டுறது குற்றம், பீடி, சிகரெட்டைப் பத்தித் தனியா சொல்லணுமா? வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே போன் போட்டு, எத்தனை பேர், என்னிக்கு, எந்தக் காலேஜ்னு சொல்லுங்க. நேரம், கட்டணம், எந்தப் பாதை, கூட ஊழியர் வருவாரா, எங்கே நடக்கலாம், எங்கே வண்டியில்தான் போகணும்... எல்லாத்தையும் அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. மழை வெள்ளம், கணக்கெடுப்புன்னு 'இன்னிக்கு முடியாது'ன்னு சொன்னாலும் சொல்வாங்க. 'சார் சார் ப்ளீஸ் சார்'னு கெஞ்சறது லேப் எக்ஸாமோட போகட்டும்!

'நோ' சொல்லிட்டா நாளே வேஸ்ட்டா? இல்லவே இல்லை. கோடிக்குழகர் கோயில் இருக்கு. 'பக்கத்துல ஒரு வீடுகூட இல்லாத இந்தக் காட்டுக் கரையில், கடற்காத்து அடிக்கத் தனியா இருக்கீங்களே சாமி'ன்னு சுந்தரர் அக்கறையா விசாரிச்சுப் பதிகம் பாடின தலம். வேதாரண்யம் பக்கம் வந்தா அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவு ஸ்தூபி. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் கிளம்பின கூட்டம், கிட்டத்தட்ட 240 கி.மீ. நடந்தே இங்கே வந்து உப்பு அள்ளிச்சு. சித்திரை வெயிலில்! நம்ம எட்டு கிலோமீட்டரை வெச்சுக்கிட்டு ஸீன் போட முடியுமா, சொல்லுங்க?

மான் எங்கே, சேறு எங்கே?

வெளிமான்ங்கிற பேரையே கவனிங்க. வெளியில், அதாவது திறந்த வெளியில் வாழற மான். மரத்துக்குப் பின்னாடி தேட வேண்டாம்னு நம்ம ஆளுங்க பேர்லயே அட்ரஸ் எழுதிட்டாங்க. வளர்ந்த ஆண் கறுப்பு-வெள்ளையில், முறுக்கின கொம்போட கம்பீரமா நிக்கும். பெண் இளம் பழுப்பு, கொம்பு கிடையாது. ஒளிய இடமில்லாத ஊர்ல வாழறதால அதுக்குக் கண்ணும் காலும்தான் பாதுகாப்பு. நீங்க அதைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே அது உங்களைப் பார்த்திருக்கும். ஓட்டம் எடுத்தா மணிக்கு 80 கி.மீ. வரைக்கும் போகும்.

செல்ஃபிக்காக நேரா நடந்து போனா என்ன ஆகும்? மொத்தக் கூட்டமும் மேய்ச்சலை விட்டுட்டு ஓடும். குட்டி பிரியும். அடுத்து வர்ற ஒவ்வொரு கேங்கும் அதையே பண்ணினா, பாவம், அது எப்போதான் சாப்பிடும்? மான் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்குதுன்னா நீங்க தாராளமா நெருங்கிட்டீங்கன்னு அர்த்தம். அங்கேயே நின்னுடுங்க. ஒரு 8x40 பைனாகுலர் கேங்குக்கு ஒண்ணு இருந்தாப் போதும், இரவல் வாங்கியாவது எடுத்துட்டு வாங்க. டல் கலர் சட்டை, தொப்பி, முழு பேன்ட், ஷூ. ஸ்பீக்கர், ட்ரோன்... மூச்!

புல்வெளியில் மட்டக்குதிரைகளும் சுத்தும். ஒரு காலத்துல யாரோ வளர்த்துக் கைவிட்ட குதிரைகளோட வாரிசுகள். பார்க்க சினிமா ஷூட்டிங் மாதிரி அழகா இருக்கும். ஆனா மானோட புல்லுக்குப் போட்டி அதுதான். போதாக்குறைக்குச் சீமைக்கருவேலங்காயைத் தின்னுட்டு, சாணத்தோட விதையையும் பரப்பிட்டுப் போகுது. கருவேலம் மண்டினா புல்வெளி சுருங்கும், 'வெளி' போனா வெளிமான் எங்கே போகும்? மரம் வளர்ந்தாலே பசுமைன்னு ஸ்கூல்ல படிச்ச நமக்கு இது ஷாக்தான். இந்த ஊர்ல சில மரங்களை வெட்டுறதுதான் இயற்கைப் பாதுகாப்பு! அமெரிக்காவில் 'ப்ரெய்ரி'ன்னு சொல்ற உயரப் புல்வெளி கண்ணுக்கெட்டின தூரம் கிடந்துச்சு. காலி இடம்தானேன்னு உழுது தள்ளினதுல இப்போ நாலு சதவிகிதம்கூட மிச்சமில்லை. புல்வெளியை 'பொட்டல்'னு சொல்ற ஆள் உங்க கேங்ல இருந்தா, இந்தக் கணக்கை எடுத்து விடுங்க.

அடுத்து சதுப்பு. வந்தியத்தேவன் சீனை இப்போ ஞாபகப்படுத்திக்குங்க. மேலே வெயிலில் காய்ஞ்சு, வெடிச்சு, கெட்டித்தரை மாதிரி தெரியும். கால் வெச்சா உள்ளே களி. முழங்கால் வரைக்கும் போனா ஷூ உங்களுக்குச் சொந்தமில்லை. தூரத்துல பூநாரைக் கூட்டம் இளஞ்சிவப்பா தெரியும்போது, 'இன்னும் பத்து அடி'ன்னு கால் தானா போகும். போகாதீங்க. பாதையிலேயே நில்லுங்க. பூநாரை தலையைக் கவுத்துப் போட்டு, அலகாலேயே சேத்துத் தண்ணியை வடிகட்டிச் சாப்பிடறதைப் பொறுமையா பாருங்க. அது தின்கிற பாசி, சின்னச் சின்ன இறால் வகைகளில் இருக்கிற நிறமிதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். கூடவே ஓரத்துல குருவி சைஸுக்குக் குடுகுடுன்னு ஓடுற கொசு உள்ளானையும் விட்டுடாதீங்க. ஆர்க்டிக் ஓரத்துல முட்டை பொரிச்சுட்டு, இந்தச் சேத்துப் புழுவை நம்பி இவ்வளவு தூரம் பறந்து வந்த பார்ட்டி அது. பறவைக் காலில் வளையம் மாட்டி அது எங்கிருந்து எங்கே போகுதுன்னு கண்டுபிடிக்கிற வேலையை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல வருஷமா செஞ்சுட்டு வருது. சாலிம் அலியே வந்து பார்த்துச் சொக்கிப்போன இடம்.

கிளம்புறதுக்கு முன்னாடி...

கேங் ஆறு பேருக்கு மேல வேண்டாம். ரொம்ப மெதுவா நடக்கிறவரை முன்னாடி விடுங்க, மத்தவங்க பின்னாடி. வேகமானவர் முன்னாடி போனா, பத்தே நிமிஷத்துல ரெண்டு கேங் ஆயிடும். பாதித் தண்ணி தீர்ந்தாலோ, பாதி நேரம் முடிஞ்சாலோ, எது முதல்ல வருதோ அப்போ திரும்பிடணும். 'இன்னும் கொஞ்ச தூரம்தான்டா'ங்கிற வசனத்துக்கு அங்கே தடா.

சாப்பாடு புளிசாதம் பெஸ்ட், கெடாது. குரங்கு இருக்கு, பிளாஸ்டிக் கவர் சத்தம் கேட்டா நேரா மடியில வந்து உட்காரும். அதனால டப்பா. கொண்டுபோன குப்பையெல்லாம் உங்களோடயே ரிட்டர்ன். புல்லிலும் புதரிலும் பாம்பு இருக்கும்கிறதால தரையைப் பார்த்து நடங்க. யாரையாவது கடிச்சா சினிமாவில் வர்ற மாதிரி கத்தி, கயிறு, வாயால் உறிஞ்சறதுன்னு எந்த ஹீரோயிஸமும் வேண்டாம். கடிபட்டவரை அசையாம வெச்சுட்டு, 108. பக்கத்துல வேதாரண்யம் அரசு மருத்துவமனை.

செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே, யார் யார்னு ஒரு பேப்பரில் எழுதி, வராத ஃப்ரெண்ட் ஒருத்தரிடம் கொடுத்துட்டுப் போங்க. சொன்ன நேரத்துக்கு உங்க போன் வரலைன்னா யாரைக் கூப்பிடணும்னு வனத்துறை நம்பரும் அதில் இருக்கட்டும்.

போக வழி? சென்னையிலிருந்து வேதாரண்யத்துக்கு ராத்திரி பஸ் உண்டு. தஞ்சாவூர் பக்கத்துக்காரங்க மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியா வரலாம். திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி அகலப் பாதை 2023 ஏப்ரலில் திறந்தாச்சு. ஆனா டைம் டேபிள் பார்க்காம ஸ்டேஷனில் போய் நிக்காதீங்க. விடியற்காலையில் கேட்டில் நிக்கணும்னா முந்தின ராத்திரியே வேதாரண்யத்துல தங்கிடறது நல்லது. அங்கிருந்து கோடியக்கரைக்கு டவுன் பஸ், இல்லேன்னா ஆட்டோவைப் பேசி வெச்சுக்குங்க.

நடை முடிஞ்சு வெளியே வந்ததும் தலையை எண்ணுங்க, கேட்டில் 'வந்துட்டோம்'னு சொல்லுங்க, பேப்பர் வெச்சிருக்கிற ஃப்ரெண்டுக்கு ஒரு போன். அப்புறம் கடற்கரையில் எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காருங்க... திரும்பிப் போக கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு காலையில் இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வெச்சிருந்தா!